இரண்டு பேரும் சரி என்றார்கள்

மார்ச் 4
மகளுக்கு ஏழாம் மாதம். நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது, படுத்தால் இருமுகிறாள். சிறு வயதுக் காய்ச்சலில் சுருங்கிப்போன இதய வால்வு இப்போது வேலையைக் காட்டுகிறது. பிரசவ வார்டில் சேர்த்தோம். பிரசவ டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குழந்தை நன்றாக இருக்கிறது, மூச்சு விஷயம் இதயப் பிரிவு என்றார். மாடியிலிருந்து வந்த இதய டாக்டர், கர்ப்பிணி என்றால் முடிவு பிரசவப் பிரிவுதான் என்றார்.

மார்ச் 5
காலையில் கட்டிலோடு மேலே. அங்கே குழந்தையின் துடிப்பைக் கேட்க ஆளில்லை. மத்தியானம் கட்டிலோடு கீழே. லிப்ட்காரர், "பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே ஊர் சுத்துது சார்" என்றார். மகள் சிரிக்கப் போய் இருமினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் அல்ல.

மார்ச் 6
உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறாள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதாம். அதை வெளியேற்ற ஊசி உண்டு. ஏன் போடவில்லை? நர்ஸைக் கேட்டேன். இங்கே ஒரு வழக்கம்: வேறு பிரிவு டாக்டர் கருத்து மட்டும் சொல்வார், உத்தரவு போட மாட்டார். இதய டாக்டர், பிரசவப் பிரிவு சரி என்றால் போடலாம் என்றிருக்கிறார். பிரசவ டாக்டர், இதயப் பிரிவு சரி என்றால் தனக்குத் தடையில்லை என்றிருக்கிறார்.

"ரெண்டு டாக்டரும் சரின்னுட்டாங்க சார். போடுங்கன்னுதான் யாரும் சொல்லல."

இத்தனை வருஷமா செய்தி எழுதறேன். இதுக்கு என்ன பேரு வைக்கறது? கொலைன்னா கத்தியாவது இருக்கும் —

நேராக மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். இரண்டு டாக்டர்களையும், பொது மருத்துவப் பிரிவு டாக்டரம்மாவையும் வரவழைத்தார். என்னை அடையாளம் தெரிந்து, பேப்பரில் போட்டுவிட வேண்டாம் என்றார்.

"அத விடுங்க. என் பொண்ணு யாரோட நோயாளி? அத மட்டும் சொல்லுங்க."

இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

"என்னோட நோயாளி" என்றார் பொது மருத்துவர். "நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட சொல்லுங்க. முடிவு நான் எடுக்கறேன்."

பிரசவ டாக்டர் விடவில்லை. "மேடம் பிரசவமும் பாப்பீங்களா?"

"மாட்டேன். உங்கள எப்பக் கூப்பிடணும்னு தெரியும்."

மார்ச் 7
ஊசி போட்டார்கள். ஒற்றைத் தலையணையில் படுத்துத் தூங்கினாள். இவ்வளவுதானா? இதற்கா இந்த இழுபறி?

இப்படி வரும் எல்லோருக்கும் ஒரே டாக்டர் பொறுப்பு என்று உத்தரவு போடச் சொன்னேன். கண்காணிப்பாளர், "அதான் உங்க பொண்ணுக்கு முடிஞ்சுதே சார்" என்றார். வாயில் வந்ததை இங்கே எழுதவில்லை.

மார்ச் 29
மகள் இன்னும் வார்டில்தான். அந்த டாக்டரம்மாதான் பொறுப்பு. மற்ற இருவரும் தினமும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஏப்ரல் 19
போன வாரம் பேத்தி பிறந்தாள். சின்ன உடம்பு, பெரிய குரல். இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கீழே லிப்ட் கதவு திறந்ததும் ஒரு கட்டில் காத்திருந்தது. நிறைமாதப் பெண், கண்ணெல்லாம் மஞ்சள். கல்லீரல் பிரிவுக்குப் போகிறார்களாம். நேற்று அங்கிருந்துதான் கீழே அனுப்பினார்களாம். யார் பார்க்கிறார்கள் என்று கணவரைக் கேட்டேன்.

"ரெண்டு டாக்டரும் சரின்னுட்டாங்க சார்" என்றார், நிம்மதியாக.

பேத்தியை மகள் கையில் கொடுத்து, வண்டியில் காத்திருக்கச் சொன்னேன். பொது மருத்துவப் பிரிவுக்குப் படியேறினேன். லிப்டுக்கு நிற்கப் பொறுமையில்லை.