பிளேட்டு உறைக்குள்ள போட்ட மடு மண்

ஒடென்சே, டென்மார்க், ஞாயிறு

அன்புள்ள மெலனியின்ர அப்பாவுக்கு,

மன்னாரில வெயில் எப்பிடி? மாமாவுக்கு இருமல் குறைஞ்சதோ? அவரைத் திருப்பிப் படுக்க வைக்கேக்க உங்கட நாரி கவனம், இடுப்புப் பிடிச்சிடும். நாங்கள் இஞ்ச சுகம். போனில கதைச்சா மெலனிக்குக் கேக்கும், அதுதான் எழுதுறன்.

நேற்று அவளுக்கு ஐஸ் ஸ்கேட்டிங் பரீட்சை. முதியோர் இல்லத்தில ரெண்டு வார இறுதி கூட வேலைக்கு நிண்டு நான் கட்டின காசு. பதக்கம் ஒண்டும் குடுக்க மாட்டினம், பாஸ் எண்டு ஒரு பேப்பர்தான். ஆனா அது இல்லாட்டி மேல் பிரிவுப் போட்டியில அவளைச் சேர்க்க மாட்டினம்.

சிரியாதேங்கோ. மாதா துணைக்கு நிக்கட்டும் எண்டு, சப்பாத்துக்கு அடியில கத்தி மாதிரி இருக்கிற பிளேட்டுக்குப் போடுற உறைக்குள்ள ஒரு சிட்டிகை மடு மாதா கோயில் மண் போட்டன். உறையோட நடந்து வந்ததில மண் உரஞ்சி, பிளேட்டின்ர கூர் மழுங்கிப் போச்சு. சுழலேக்க வழுக்கி ரெண்டு தரம் விழுந்தாள். காயமில்லை, பயப்பிடாதேங்கோ. பெயில்.

பயிற்சி குடுக்கிற மனிசி பிளேட்டைத் தடவிப் பாத்திட்டு, "மண்ணில நடந்தனியோ?" எண்டு கேட்டா. மெலனி உறைக்குள்ள பாத்தாள், பிறகு என்னைப் பாத்தாள். "ஓம், மறந்துபோய் வெளியில நடந்திட்டன்" எண்டு டெனிஷில சொன்னாள். வீட்ட வந்து உறையைத் தானே கழுவிக் காய வைச்சாள்.

மார்ச்சில திருப்பி எடுக்கலாம். திருப்பிக் கட்டவும் வேணும்.

வரேக்க மிளகாய்த்தூளும், என்ர நாரிக்குப் பூச எண்ணெயும் கொண்டு வாங்கோ. மடு மண்ணும் கொஞ்சம். இந்த முறை அவளுக்கில்லை, என்ர தலகாணிக்குக் கீழ வைக்க.

வேலைக்குப் போற பஸ் வருகுது.

சுஜாந்தினி