வியாழன் சந்தையில் மாற்றிய கோட்

நவம்பர் 13, 1996. புதன்

மழை. லிபெர்த்தா தெருவுக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே பயணம். நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா வீட்டில் யன்னல் துடைத்தது, வெள்ளிச் சாமான் மினுக்கியது. இங்கே இருக்கத் தந்த பெர்மெஸ்ஸோ முடிய இன்னும் பதினேழு நாள். சிஞ்ஞோராவின் வேலைக் கடிதம் இல்லாவிட்டால் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் அதைப் புதுப்பிக்க மாட்டார்கள். கேட்டு ஒரு மாதம். பார்க்கலாம் என்கிறாள். மகன்காரன் அவளை ஒரு கடதாசியிலும் கையெழுத்து வைக்க விடமாட்டான்.

வெளிக்கிடும் நேரம் ஒரு கோட் தந்தாள். மண்ணிறம், நல்ல கம்பளி. போன மாதம் செத்த அவளுடைய தங்கையுடையது. எனக்குத் தெரியாதென்று நினைப்பு. மகன் கதவடியில் பார்த்துக்கொண்டு நின்றான். சிஞ்ஞோரா ஒன்றும் பேசாமல் கோட்டின் இடப்பக்கத்தை இரண்டு தரம் தட்டினாள். பைக்குள் ஏதும் மறந்து கிடக்கிறதோ என்று பார்க்கிறாளாக்கும். ஆறு வருடம் வேலை செய்தும் நான் கள்ளி. கடிதத்துக்குப் பதிலாகத்தான் இந்தக் கோட்டோ?

செத்தவர் உடுப்பை வீட்டுக்குள் எடுக்க மனமில்லை. படிக்கட்டுக் கம்பியில் தொங்கவிட்டுக் கை கழுவினேன்.

நவம்பர் 14, வியாழன்

வெயில், காற்று. லீவு. வியாழன் சந்தை. வாங்கியவை: கத்தரிக்காய், வெங்காயம், மல்லியிலை (வாடல்). மரக்கறிக்காரன் தொட்டுப் பார்க்க விடுவதில்லை. தானே பின்னாலிருந்து எடுத்துப் போடுவான். பின்னால் இருப்பது ஏன் பின்னால் இருக்கிறது? வீட்டில் வெட்டினால் இரண்டு சூத்தை.

பழைய உடுப்பு விற்கும் மீசைக்காரனிடம் கோட்டைக் கொடுத்து மகளுக்குச் சப்பாத்து மாற்றினேன். பைகளைப் பார்த்துவிட்டுத் தா என்றான். செத்தவள் பைக்குள் நான் கை விடுவேனா? பார்த்தாயிற்று என்றேன்.

மேரியும் அங்கே. மன்னார்ப் பெண். கபோப் பக்கம் குடியிருக்கிறாள், வேலை வெளியூரில், பகேரியாவில், விடிய ரயில் ஏற வேண்டும். கண்டவுடன் விசாரணை, உங்கள் சிஞ்ஞோரா கடிதம் தந்துவிட்டாவோ என்று. இவளுக்கு ஏன் அது? லிபெர்த்தாவில் வேலை தேடுகிறாள் என்று கதை. என் இடத்தில்தான் கண். பிடிகொடுக்காமல் வந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

தலை முழுக்கு. தோசைக்கு அரைத்தது. பி.ப. 4க்கு மணி அடித்தது. கதவுத் துளையால் பார்த்தால் மேரி. கையில் ஒரு கவர். கோயில் லொத்தர் சீட்டாக இருக்கும். இல்லாவிட்டால் சிஞ்ஞோராவின் விலாசம் கறக்க வந்திருப்பாள். மூச்சுக் காட்டாமல் நின்றேன்.

மகள்: "மேரி அன்ரியல்லோ அம்மா, ஏன் திறக்கேல்லை?"

வாயைப் பொத்தினேன். இன்னும் இரண்டு தரம் அடித்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 18, திங்கள்

மகன்காரன் வெளியே போனதும் சிஞ்ஞோரா குசினிக்குள் வந்தாள். குவெஸ்தூராவுக்குக் கொண்டுபோனாயா என்று காதோடு கேட்டாள். எதை என்றேன். கோட்டின் உள்பையில் இருந்த கடிதத்தை. மகனுக்கு ஒளித்து எழுதி வைத்தாளாம். அவன் நின்றபடியால் வாய் திறக்கவில்லை, தட்டிக் காட்டினேனே என்றாள்.

நாளை கொண்டுபோகிறேன் என்று பொய் சொன்னேன். உங்கள் தங்கையின் கோட்டைச் சந்தையில் கொடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்ல? மீசைக்காரன் இனி வியாழன்தான் வருவான்.

செவ்வாய், புதன்: எழுத ஒன்றுமில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 21, வியாழன்

8 மணிக்கே சந்தை. மரக்கறி வாங்கவில்லை. மீசைக்காரனின் குவியலை அடிவரை கிளறினேன். யார் யாருடைய உடுப்போ, எல்லாப் பைக்குள்ளும் கை விட்டேன். அவன் சிரித்தான். அந்தக் கோட்டை உன் நாட்டுக்காரி அன்றைக்கே கொண்டுபோய்விட்டாள், விடிய ரயில் ஏறுகிறவள், குளிராம் என்றான்.

நேரே கபோ. அடித்த முதல் மணிக்கே மேரி கதவைத் திறந்தாள். ஆணியில் மண்ணிறக் கோட். நான் வாய் திறக்க முதல் அலுமாரிக்கு மேலிருந்து கவரை எடுத்துத் தந்தாள். உள்ளே என் பெயர், கீழே சிஞ்ஞோராவின் நடுங்கின கையெழுத்து.

"ஞாயிறு கொண்டு வந்தனான் அக்கா. பிள்ளை கேட்டது எனக்கும் கேட்டது."

வெட்கமாக இருந்தது. தேத்தண்ணி தந்தாள், குடித்தேன்.

நாளை குவெஸ்தூரா. விடிய 5க்கு வரிசை. படம் 4, பாஸ்போட், கடிதம்.

பஸ்ஸில் வரும்போது ஒரு யோசனை: இவள் கடிதத்தைப் போட்டோகொப்பி எடுத்து வைத்திருப்பாளோ? சீ. எழுதுகிற கைக்கே ஒரு அடி போட வேண்டும்.