கிணற்றோரத்து மரமல்லி

செஞ்சி
8-6-1965

சௌபாக்கியவதி நீலாஞ்சனாவுக்கு நைனா எழுதுவது. அருகதேவர் கருணையில் நானும் உன் அம்மாவும் சுகம். பிலாய் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்களோ என்றுதான் இங்கே தினமும் பேச்சு. கடையில் வியாபாரம் மந்தம், அம்மாவுக்கு முழங்கால் வலி, அது கிடக்கட்டும். மரமல்லி பூத்ததா என்று கேட்டிருந்தாய். பூத்ததம்மா, தெருவே மணக்கப் பூத்தது. சொல்லாமல் விட்டதையும் இன்று சொல்லிவிடுகிறேன், மனசைத் திடப்படுத்திக்கொண்டு படி.

உன் குழந்தை தவறிப்போன வருஷம் அதன் நினைவாக நீ கிணற்றோரம் வைத்த கன்று அது, சீக்கிரம் வளருமென்று மாப்பிள்ளை மெட்ராஸிலிருந்து கொண்டுவந்தார். வளர்ந்ததா, கூரையைத் தாண்டி வளர்ந்தது. ஆனால் சித்திரைக் காற்றுக்கே கிளை முருங்கை மாதிரி முறிந்து பக்கத்து வீட்டு நாகம்மாள் ஓட்டின்மேல் விழுந்தது. வேர் போகிற இடமெல்லாம் கன்று முளைக்கிறது, ஒன்றைப் பிடுங்கினால் நாலு வருகிறது. அவள் அடுப்பங்கரைத் தரை பிளந்துவிட்டது. இப்போது வேர் நம் கிணற்றுச் சுவருக்குள் புகுந்து கல்லைத் தள்ளுகிறது. போன வாரம் ஒரு பக்கம் சரிந்தே போனது, நாகம்மாளின் மருமகள் பிள்ளைத்தாச்சி, தண்ணீர் சேந்திவிட்டு அப்போதுதான் நகர்ந்திருக்கிறாள். உன் அம்மா தண்ணீர் வடிகட்டிய துணியை, அதில் தங்கிய பூச்சிகள் பிழைக்கட்டுமென்று வழக்கம்போல் கிணற்றிலேயே அலசி விடப் போய், கெணறே தூர்ந்துட்டா இந்தச் சின்ன உசுருங்கள எங்க கொண்டுபோயி வுடறது என்று அழுகிறாள்.

மழைக்குள் மரத்தை வெட்டி வேரையும் தோண்டாவிட்டால் கிணறு நிற்காது என்று கிணறு வெட்டும் பாண்டுரங்கன் அடித்துச் சொல்கிறான். பச்சை மரத்தில் கை வைப்பது நமக்குப் பாவம்தான், தெரியாதா எனக்கு? ஒரு பிள்ளைத்தாச்சி உள்ளே விழுந்தால் அது யார் பாவம்? ஆள் கூப்பிடப் போகிறேன் என்று நாகம்மாளிடம் சொன்னேன். அவள் பதறிப்போய், அந்தப் பொண்ணு புள்ளைய நெனச்சி வெச்ச மரம், அதக் கேக்காம கை வெச்சிடாதீங்க நைனாரே, என் ஊடு பொளந்தா பொளந்துட்டுப் போவுது என்றாள். அதனால்தான் ஆளைக் கூப்பிடாமல் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் இதை வைத்துத் தொலைக்காதே. வேம்போ புங்கனோ வை, மெதுவாக வளரட்டும், நமக்கென்ன அவசரம். வேளைக்குச் சாப்பிடு. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசிகள்.

வெட்டுங்கள் நைனா என்று உன் கையால் ஒரு வரி எழுது. எழுத முடியாவிட்டால் விலாசத்தை மட்டும் எழுதி வெறும் கார்டைப் போடு, அதையே சம்மதமென்று நான் புரிந்துகொள்கிறேன்.

உன் நைனா
வாசுபூஜ்யன்