கதிர் வகுப்பும் வாளித் தண்ணீரும்

ஏப்ரல் 4, 1966

கதிர்வீச்சுப் பயிற்சிக்கு என்னைப் பம்பாய்க்கு அனுப்பியபோது எவ்வளவு குதித்தேன்! இப்போது படித்ததை இங்கே எட்டு நர்ஸுகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அனல்மின் நிலையத்தில் பாய்லர் குழாய் வெல்டிங்கைக் கதிர்வீசும் உலோகத் துண்டு வைத்துப் படம் பிடித்துச் சோதிக்கிறார்கள். அங்கே யாருக்காவது ஏதாவது ஆனால் முதலில் நம் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள்.

பெரிய டாக்டர் சிவப்பிரகாசம் பட்டென்று சொல்லிவிட்டார். "சனிக்கிழமை ஒத்திகை, சிஸ்டர். சரியா வந்தா கதிர் கேஸுக்குன்னே நாலாம் ரூம் உங்களுக்கு. இல்லேன்னா எந்தக் கேஸ் வந்தாலும் நேரா மெட்ராஸ்தான்."

மெட்ராஸுக்கு ஆம்புலன்ஸில் அரை நாள். அடிபட்டவன் ரத்தம் வடிய வடிய அவ்வளவு தூரம் போவதா? விடமாட்டேன்.

ஏப்ரல் 6

முதல் வகுப்பு. ஆல்பா, பீட்டா, காமா என்றேன். எட்டுப் பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதிர்த்தூசி உடம்பில் ஒட்டுவதை எப்படிச் சொல்வது? சட்டென்று தோன்றியது. சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"துணியோட தலைக்கு ஊத்திக்கினுதான் வூட்டுக்குள்ள போவோம்" என்றாள் செல்லக்கிளி. கம்மாபுரத்துப் பெண், வேலைக்குப் புதிது.

அதேதான் என்றேன். எல்லோருக்கும் பளிச்சென்று புரிந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காந்திமதி, நீ வாத்தியாரம்மாவாகப் பிறந்திருக்க வேண்டியவள்!

ஏப்ரல் 9

மானம் போயிற்று.

ஆம்புலன்ஸ் டிரைவர் வேணுதான் நோயாளி. கால் முறிவு, சிவப்பு மசியில் ரத்தம், சட்டை முழுக்கக் கதிர்த்தூசியாகக் கோலமாவு. ஸ்ட்ரெச்சர் வாசலுக்கு வந்ததும் செல்லக்கிளி குறுக்கே நின்றுகொண்டாள். ஒரு வாளி. இன்னொரு வாளி. காலில் வைத்துக் கட்டிய கட்டையெல்லாம் ஊறி, கட்டு அவிழ்ந்து...

"எம்மா, காலு ஒடஞ்சவன் நானு! குளிக்கவா வந்தேன்?"

"தலைக்கு ஊத்தாம உள்ள வரக்கூடாதுங்க!"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "சிஸ்டர், பேஷண்ட் செத்துட்டாரு. ஆனா ரொம்ப சுத்தமா இருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் குவார்ட்டர்ஸுக்கு வந்து அழுதேன். இன்னும் ஒரு வாரம் தந்திருக்கிறார். அதுதான் கடைசி.

ஏப்ரல் 10

செல்லக்கிளியை நொந்து பயனில்லை. உதாரணம்தான் கோணல். தீட்டு என்று சொன்னால் ஆளையே தள்ளித்தானே நிறுத்துவார்கள்? தூசி ஒட்டினவன் என்றாலும் உயிர்தான் முதலில். கதிர் மட்டும் பட்டவனிடமோ கழுவ ஒன்றுமே கிடையாது. இதை எப்படிச் சொல்ல? சே!

ஏப்ரல் 12

கிடைத்துவிட்டது! பஸ் நிறுத்தத்தில் மண்டை பிளக்கும் வெயில். ஷிஃப்ட் முடிந்து மைன்ஸ் ஆட்கள் கரித்தூளோடு இறங்கினார்கள். பக்கத்தில் செல்லக்கிளி.

"வெயில்ல நின்னவர் வீட்டுக்கு வந்தா, பக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சுடுமா?"

"அதெப்படிங்க சுடும்?"

"கரித்தூளோட வந்து பாயில படுத்தா?"

"பாயி, தலகாணி எல்லாம் வீணாப்பூடும். வுடுவனா? சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வரச் சொல்லுவேன்."

"அதே ஆளு அடிபட்டு ரத்தத்தோட வந்தா?"

"அப்ப கரியாவது ஒண்ணாவது! மொதல்ல கட்டு போடுவேங்க."

வெயில்தான் கதிர், கரித்தூள்தான் கதிர்த்தூசி! நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொண்டேன். பஸ் போய்விட்டது. போகட்டும்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி, அப்புறம் டியூட்டி. சாப்பாட்டு நேரத்தில்கூட ஒத்திகை.

ஏப்ரல் 16

நாலாம் ரூம் எங்களுக்கு! வேணுவின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் அனாவசியமாக விழவில்லை. முதலில் கட்டு, பிறகு சட்டை, பிறகு ஈரத்துணி. டாக்டர் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 27

நிஜமாகவே வந்துவிட்டது. குழந்தைவேல், கான்ட்ராக்ட் ஆள். வெல்டிங்கைப் படம் பிடிக்கும்போது தடுப்புக் கயிறு தாண்டிக் குறுக்கே போய்விட்டார். வராந்தா நொடியில் காலி. எனக்கும் ஓடத் தோன்றியது, பொய் சொல்வானேன். கதிர் அளக்கும் மீட்டரைத் தலையிலிருந்து கால்வரை ஓட்டிப் பார்த்தேன். தூசி ஏதும் ஒட்டவில்லை. செல்லக்கிளி அதற்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ரத்தம் எடுத்தார். சட்டையில் குத்தியிருந்த பிலிம் பேட்ஜ் பம்பாய்க்குப் போகிறது. எவ்வளவு கதிர் பட்டது என்று அங்கேதான் சொல்ல வேண்டும்.

மே 6

பட்டது கொஞ்சம்தான், பயமில்லை என்று பம்பாயிலிருந்து தந்தி. ரத்தமும் சரியாக இருக்கிறது. வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். ஆனால் குழந்தைவேலின் மனைவி கலியம்மாள் இத்தனை நாளும் கைக்குழந்தையோடு வாசலிலேயே நின்றாள். இன்றும் அங்கேயேதான்.

"கிட்ட வந்தா புள்ளைக்கு ஒட்டிக்கும்ன்றாங்களே..."

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லக்கிளி போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தினி நாளா இவரு கையைப் புடிச்சிக்கினுதான் நாடி பாத்தேன். எனக்கு என்னா ஒட்டிக்கிச்சு? வந்து பாரு."

கலியம்மாள் மெல்ல மெல்ல வந்தாள். தானாகவே பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், பயல் அப்பன் சட்டை முழுக்க நனைத்துவிட்டான்.

"இப்பதாங்க சட்டையைக் கழட்டணும்!" என்றாள் செல்லக்கிளி.

டாக்டர் சிரித்த சிரிப்பு அடுத்த வார்டுக்குக் கேட்டிருக்கும். குழந்தைவேல் சட்டையைக் கழற்றவில்லை. அந்த ஈரத்தோடேயே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கலியம்மாளோடு பஸ் ஏறினார்.