பொது டைரக்டரியில் ஒரு திருத்தம்

1979 ஜூன் 4, திங்கள்
காலை முதல் மழை. பாலக்காடு வரும் பஸ்ஸில் கூரை ஒழுக்கு, சட்டை நனைந்தது. நர்ஸ் பயிற்சித் தேர்வு மார்க் பட்டியலில் ஒரு தப்பு கண்டுபிடித்தேன். மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் செய்முறை மார்க் தனிப் பஞ்ச் கார்டில் வருகிறது. மார்க் கூட்டும் ரொட்டீன், அதாவது சின்னத் துணைப் புரோகிராம், அதை விட்டுவிடுகிறது. எல்லாருடைய புரோகிராமும் எடுத்துக்கொள்ளும் பொது லைப்ரரி டைரக்டரியில் அதைத் திருத்தினேன். என் டைரக்டரியில் மார்க் புரோகிராமை மறுபடி கம்பைல் செய்து ஓட்டினேன். சரி. எங்கள் கம்ப்யூட்டர் செக்‌ஷன் ஆபீசர் முதுகில் தட்டினார். கொல்லங்கோடு பஸ்ஸுக்கு ஓட்டம். கொஞ்சம் பெருமை.

ஜூன் 13, புதன்
மழை விட்டிருக்கிறது. வண்டிப்பெரியார் எஸ்டேட்டிலிருந்து ஒரு தொழிலாளி, மகள் செல்வியோடு. மார்க் சீட்டில் தேர்ச்சி. சேர்க்கைப் பட்டியலில் பேர் இல்லை. கம்ப்யூட்டருக்குத் தப்பு வராது என்று ஆபீசர் மலையாளத்தில் சொன்னார். பக்கத்தில் நான். தலையாட்டினேன்.
அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: “சார், ரெண்டும் ஒங்க மிசின்தான அடிச்சது? நாங்க எதை நம்பட்டும்?”
மார்க் பட்டியலைப் புரட்டினேன். போய்விட்டார்கள்.

ஜூன் 14, வியாழன்
சேர்க்கைப் பட்டியல் என்னோடு வேலை செய்யும் கமலத்தின் பொறுப்பு, அவள் டைரக்டரி. அவளுடைய புரோகிராமுக்குள் இன்னும் பழைய ரொட்டீன். லைப்ரரியில் திருத்தினால் மட்டும் போதாது. அதைச் சேர்த்துக்கொண்ட ஒவ்வொரு புரோகிராமையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அவளிடம் நான் சொல்லவே இல்லை.
சொல்லலாம் என்று எழுந்தபோது ஆபீசர் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் புரோகிராம், அவள் பொறுப்பு. கமலம் கேட்டுக்கொண்டு நின்றாள். நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.
அவள் புரோகிராமை மறுபடி கம்பைல் செய்து ஓட்ட ஆபீசர் என்னிடம் சொன்னார், ஓட்டினேன். விட்டுப்போனவர்கள் எல்லாரும் மலைப் பிள்ளைகள். செல்வியும். திருத்திய பட்டியல் போயிற்று. கமலத்தைக் கார்டில் துளையடிக்கும் பஞ்ச் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஜூன் 16, சனி
தலைவலி. பிளேடு, சோப்பு வாங்க வேண்டும்.
ஆபீசரிடம் போய்ச் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்று. அவர் ஃபைலிலிருந்து நிமிரவில்லை. கமலம் பேரில் விளக்கம் மேலே போயாயிற்றாம்; இன்னொரு பேரையும் இழுத்தால் செக்‌ஷனுக்கே கேடாம். பேசாமல் இரு என்றார்.
வெளியே வந்ததும் முதலில் வந்தது நிம்மதி. எழுதவே கூசுகிறது.

ஜூன் 19, செவ்வாய்
தூறல். செல்வியும் அப்பாவும் வந்தார்கள். இடம் கிடைத்துவிட்டது. துணியில் சுற்றிய தேயிலைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினார் அப்பா.
“நீங்கதான் சரி பண்ணிக் குடுத்தீகன்னு ஆபீசரு சொன்னாருய்யா.”
பஞ்ச் அறைக் கதவு திறந்து கிடந்தது. மெஷின் சத்தம் நின்றது. வாங்கிக்கொண்டேன்.
அவர்கள் போனபிறகு கமலம் கார்டுக் கட்டோடு வந்தாள். மேசையில் வைத்தாள்.
“லைப்ரரில யார் கை வெச்சான்னு அன்னிக்கே பாத்துட்டேன். நீங்களே சொல்வேள்னு இருந்தேன்.”
ஆபீசரிடம் சொன்னேன் என்றேன்.
“என்கிட்ட சொல்லலையே.”