வெங்காயச் சவ்வு ஒட்டிய குழல்

“குழலை நான் கேட்டுத்தான் நானா கொண்டு வந்தார்.” அன்று வாப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வசனம்தான். வாய்வரை வந்தது. குனிந்து, கையில் இருந்த வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றும் வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தேன் நானா, உங்கள் தங்கச்சி. நமது நுரைச்சோலைத் தோட்டத்து வெங்காயம். இதழ்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வு விரலில் ஒட்டிக்கொண்டது. உதறியும் போகவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

கொரியாவின் மீன்பிடி வேலைக்கான மொழிச் சோதனைக்கு உங்களோடு சேர்ந்து நானும் பாடமாக்கினேன். நீங்கள் பாஸாகிப் போனீர்கள். புத்தகம் எனக்கு மிஞ்சியது. அங்கே தெற்குத் தீவொன்றிலிருந்து, கடல் பொங்கிப் படகு போகாத நாட்களில், எனக்கு இசைப் பதிவுகள் அனுப்புவீர்கள். மடியில் கிடத்தி மீட்டும் பன்னிரண்டு நரம்புக் கயாகம். இரண்டே நரம்புள்ள ஹேகம். “தடிமன் பிடிச்சு மூக்கடைச்ச ஆள் அழுற மாதிரி இருக்கும், கேளு” என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தீர்கள். பிறகு உங்கள் படகின் எஞ்சின்காரர் வாசித்த தேகும் என்ற நீண்ட மூங்கில் குழல். அதில் வாய் வைக்கும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே இன்னொரு துளை உண்டு. நாணல் தண்டின் உள்ளே இருந்து உரித்த சவ்வை அதன்மேல் ஒட்டுவார்களாம். பலமாக ஊதும்போது சவ்வு அதிர்ந்து குரல் கரகரக்கும், அழுது முடித்துப் பேசுகிறவர்களின் குரல் போல. பாத்திகளுக்கு நடுவில் நின்று அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். வருகிறபோது ஒன்று கொண்டு வரச்சொல்லி உங்களிடம் மட்டும் கேட்டேன்.

ஒப்பந்தம் முடிந்து வந்தீர்கள். மறுபடி போவதா, ஆலங்குடாவில் வெள்ளைக்காரர்களை டொல்பின் பார்க்கக் கூட்டிப்போகும் போட்டில் சேர்வதா என்ற யோசனையில் இருந்தீர்கள். “இருந்திடலாமெண்டுதான் நினைக்கிறன்” என்று என்னிடம் சொன்னீர்கள்.

நீங்கள் கொண்டு வந்த குழலின் சவ்வு வழியிலேயே கிழிந்திருந்தது. வெங்காயச் சவ்வை ஒட்டிப் பார்ப்போம் என்றது நான்தான். “எஞ்சின்காரன் கண்டா என்னைக் கடலில தள்ளுவான்” என்று சிரித்தபடி ஊதினீர்கள். குரல் வந்தது. அசல் குரல் இல்லை, ஆனாலும் கரகரத்தது.

பின்னேரம் பள்ளியில் அஸர் தொழுதுவிட்டு வாப்பாவோடு வந்த இரண்டு பேர், குழல் சத்தம் கேட்டு வாசல் படலையடியில் நின்றுவிட்டார்கள். தொழுகிற வீட்டில் வாத்தியம் கூடாது என்பது வாப்பாவின் முடிவு. மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்து இந்த ஊரில் பேர் எடுத்த மனிதர். அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தார்.

“ஊதுறதெண்டா கொரியாவிலயே இருந்து ஊது. இதுக்கா இங்க வந்தாய்?”

நீங்கள் ஒரு தரம் என்னைப் பார்த்தீர்கள். நான் நிமிரவில்லை.

“சரி வாப்பா” என்றீர்கள்.

அடுத்த கிழமையே திரும்பிப் போக எழுதிக் கொடுத்தீர்கள். போகும்போது குழலையும் எடுத்துக்கொண்டீர்கள். “அடுத்த முறை சரியான சவ்வோட வாறன்” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னீர்கள்.

உங்கள் பதிவுகளை இப்போதும் கேட்கிறேன். ஹேகம் வரும் இடத்தில் சிரிப்பு வரும். திரும்பிப் பார்த்தால் பாத்திகள்தான் இருக்கும், அப்பால் மின்நிலையத்தின் புகைபோக்கி.

நீங்கள் திரும்பிப் போன அந்தக் குளிர்காலத்தில் உங்கள் படகு கவிழ்ந்தது. மூன்று பேரை எடுத்தார்கள். உங்களை எடுக்கவில்லை. உடல் இல்லாமலே இறுதித் தொழுகை, காயிப் ஜனாஸா, பள்ளியில் தொழுதார்கள்.

சில மாதங்களின் பின் உங்கள் பை வந்தது. வாப்பாதான் திறந்தார். குளிர்ச் சட்டைகளுக்கு அடியில் ஒரு கடித உறை. மேலே உங்கள் கையெழுத்து: “தங்கச்சிக்கு. வெங்காயம் வேணாம்.” உள்ளே காய்ந்த நாணல் சவ்வுகள்.

“இதென்ன?” என்று கேட்டார்.

“குழலுக்கு ஒட்டுறது வாப்பா. அந்தக் குழல நான்தான் கேட்டது. நானாட ஆசை இல்ல.”

வாப்பா உறையை என் கையில் தந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடவேண்டும் என்று எழுந்து போனார். தண்ணீர் காலையிலேயே விட்டாயிற்று.

உறை இப்போது அந்தக் கொரியப் பாடப் புத்தகத்துக்குள் இருக்கிறது. குழல் பையில் இருக்கவில்லை. படகு கவிழ்ந்த அன்று அதையும் கடலுக்குக் கொண்டு போயிருந்தீர்கள்.