குரூப்பில் நான் போட்டது

7, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கம்பெனி பஸ் லேட். சத்தியவேடு தாண்டும்போது போனைப் பார்த்தேன். ரேஷன் கடை சேகர், மறுபடியும். கார்டில் என் நம்பர் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் அனுப்புகிறான். இரண்டு மாதமாக. இன்று என் உடம்பைப் பற்றி, வரி வரியாக. லைனில் ஸ்க்ரூ போடவே கை வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மூன்று ஸ்கிரீன்ஷாட். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கீழே ஒரு வரி: இவன் யோக்கியதையைப் பாருங்கள்.

8, செவ்வாய்
குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அவன் இருக்கிறானாம்.

நைனா சாப்பிடவில்லை. "போன்ல வந்தத போன்லயே வுட்டுட்டு இருக்கலாம் இல்ல. கொழந்தைங்கல்லாம் பாத்துகினு இருக்குது."

துணி ஊறப்போட்டது அப்படியே கிடக்கிறது.

10, வியாழன்
போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஆதார் ஜெராக்ஸ் 2, போட்டோ 2, போன்.

புகார் கொடுத்திருப்பது அவன். நான் ஆபாசத்தைப் பரப்பினேனாம். ஐ.டி. சட்டம், 67. எஸ்.ஐ. கத்தவில்லை. ஆந்திரா ஸ்டேஷன், எல்லாம் தெலுங்குதான். பொறுமையாகவே சொன்னார்: அவன் உனக்கு ஒருத்திக்கு அனுப்பினான், நீ நூற்றெண்பது பேருக்கு அனுப்பியிருக்கிறாய் அம்மா.

என் புகாரையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். பெண் கான்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியும்.

"அசிங்கமா மெசேஜ் பண்ணான்னு போட்டா போதும்."

"அவன் எழுதனத அப்படியே எழுதுங்க மேடம்."

"அதெல்லாம் பேப்பர்ல வரக்கூடாதும்மா."

இரண்டு மாதம், ஒரு வரியில் முடிந்தது. போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

11, வெள்ளி
மேகம் கட்டியது. மழை இல்லை. பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி.

ரேஷன் அரிசி வாங்க நைனா போனார். அவனே அளந்து போட்டானாம். "நல்லாதான் பேசனான்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்.

12, சனி
பஸ்ஸில் ரேவதி வந்து உட்கார்ந்தாள். எங்கள் தெருப் பெண், பேக்கிங் செக்‌ஷன். வடமாலபேட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்திருக்கிறார்கள். துப்பட்டாவுக்குள் வைத்து போனைக் காட்டினாள். அதே சேகர். அதே வரிகள், பெயர் மட்டும் அவளுடையது. நேற்று வந்ததாம்.

"இத காட்டினா உன் கேஸுக்கு ஒதவும் இல்லக்கா? நான் வரேன் ஸ்டேஷனுக்கு."

எனக்கு வேண்டியிருந்தது. நிஜமாகவே வேண்டியிருந்தது. அவன் எழுதியது ஒன்றும் பேப்பரில் வராது. இவள் பெயர் வரும்.

"அழிச்சிடு" என்றேன்.

என்னையே பார்த்தாள். பிறகு அழித்தாள்.